ஊசி தேய்ந்தால்?

இசைத்தட்டின் பள்ளத்தில் ஊசி அதிர்கின்றது. அவ்வதிர்வை மின்சாரமாக மாற்றுவது ஊசியைத் தாங்கும் 'கார்ட்ரிட்ஜ்' என்னும் சிறு கருவி. அதில் இருவகை பெருவழக்கு. ஊசித்தண்டுடன் காந்தம் அசைவது ஒன்று. கம்பிச்சுருள் அசைவது மற்றொன்று. உயர்விலைக் கருவிகளிற் பல சுருள்வகையின. அசையும் பாரம் குறைவாதலின் நுண்ணொலியும் தெளிவுறும் என்பர். ஆயின், ஜப்பானின் டெனன் டீ.எல்.103 தருவது 0.3 மில்லிவோல்ட்டே; காந்தவகை பொதுவாக 3 முதல் 5 வரை தரும். எனவே சுருள்வகைக்கு மேலதிகப் பெருக்கி வேண்டும்.

ஊசி தேய்ந்தாலோ, காந்தவகையில் ஊசியை மட்டும் வீட்டிலேயே மாற்றலாம். சுருள்வகையைப் பெரும்பாலும் செய்தவரிடமே அனுப்புதல் வேண்டும். செலவுக்கு அஞ்சித் தேய்ந்த ஊசியையே ஓட்டினால் தட்டின் பள்ளம் சிதையும். சிதைந்த இசை மீளாது. ஆதலின் வாங்குமுன் கருவியின் விலையோடு ஊசி மாற்றும் செலவையும் கேட்டறிக.