சிவப்புக் குச்சி மட்டும் போதுமா?

‘ராபர்ட் காக் காலத்திலிருந்து நுண்ணோக்கி போதுமாக இருந்தது, காசநோய்க்கு எதற்கு ஜீன்எக்ஸ்பர்ட்?’ என்கிறார் ஒரு கட்டுரையாளர். போதுமாக இருந்தது என்று யார் சொன்னது? சளியில் மில்லிக்குச் சுமார் 10,000 கிருமியாவது இருந்தால்தான் கண்ணாடித் தகட்டில் அகப்படும். குறைந்தால் ‘நெகட்டிவ்’ சீட்டோடு வீட்டுக்குப் போவார் நோயாளி, இருமிக்கொண்டே. கிருமியின் டிஎன்ஏவைத் தேடும் கருவியான ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கு, சுருக்கமாக எக்ஸ்பர்ட்டுக்கு, சில நூறே போதும்.

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. தகட்டில் தெரிவது நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள். மருந்துக்கு மடங்குகிற கிருமியும் அப்படித்தான், ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்கு மசியாததும் அப்படித்தான். எந்தக் கழுகுக் கண்ணுக்கும் வித்தியாசம் பிடிபடாது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனை சொல்லும், ஆனால் முட்டை கலந்த ஊடகத்தில் அது முளைக்கவே வாரக்கணக்காகும். எக்ஸ்பர்ட் 2 மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2010லேயே இதற்குப் பச்சைக்கொடி காட்டியாயிற்று.

மின்சாரம் நிலையாக இல்லாத ஊரில் என்ன செய்வதாம்? கோவாவில் தயாராகும் ட்ரூநாட் என்ற இதே வகைக் கருவி பேட்டரியிலேயே ஓடும்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க எக்ஸ்பர்ட் லாயக்கில்லை. செத்த கிருமியின் டிஎன்ஏவையும் பிடித்துவிடும். அந்த வேலைக்கு நுண்ணோக்கி இருக்கட்டும், யாரும் தூக்கியெறியச் சொல்லவில்லை.