சீன வைத்தியமும் நம் பரியாரியாரும்

மலருக்கு ஒரு கட்டுரை தருக எனக் குழுவினர் பணித்தபோது, கல்லூரியின் புகழ் பாடும் கட்டுரைகள் பல வந்து சேருமென்பதை நாம் அறிந்திருந்தோம். ஆதலின் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அது சீன தேசத்து வைத்தியம். வன்னிக் கல்லூரி மலருக்குச் சீனம் ஏனோ என வினவுவோர் சிறிது பொறுத்தருள்க.

வன்னியென்றவுடன் முன்னாளில் பிறர் நினைவுக்கு வந்தது காடும் காய்ச்சலுமே. பெண் கொடுக்க அஞ்சினர். உத்தியோக மாற்றம் கிடைத்தோர் கண்ணீர் விட்டனர். கொயினாவின் கைப்பை அறியாத நாவு நம் பாட்டன்மாரிடத்தில் இருந்ததில்லை. அந்த மலேரியா இன்று இங்கில்லை. இந்நாட்டுக்கே உரிய சுதேச மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரிற் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென அறிவித்தது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து கொடிய வகை மலேரியாவுடன் வந்திறங்குவோருக்கு இன்று கொடுக்கப்படும் மருந்து எங்கிருந்து பிறந்தது தெரியுமா? சீனத்துப் பழஞ்சுவடி ஒன்றிலிருந்து.

1967 மே 23இல் சீன அரசு மலேரியாவுக்கு மருந்து காணும் இரகசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. தொடங்கிய நாளே அதற்குப் பெயராகி, "523" என வழங்கிற்று. பெய்ஜிங்கிலுள்ள சீன வைத்திய ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய து யூயூ என்னும் அம்மையார் 1969இல் அதிற் சேர்ந்து, பழைய நூல்களையும் முதிய வைத்தியர்களையும் நாடி ஈராயிரத்துக்கு மேற்பட்ட மருந்து முறைகளைத் திரட்டினார். அவற்றுள் ஒன்று நம் மாசிபத்திரியின் இனத்ததாகிய ஒரு செடி. ஆய்வில் அது ஒருமுறை பயன் தந்தது, மறுமுறை தரவில்லை. அம்மையார் மீண்டும் ஏட்டுக்குத் திரும்பினார். நான்காம் நூற்றாண்டினராகிய கோ ஹொங் என்பவர், அச்செடியில் ஒரு பிடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்குமாறு எழுதிவைத்திருந்தார். காய்ச்சச் சொல்லவில்லை! சூடுதான் மருந்தின் சாரத்தைக் கெடுக்கின்றதோ என ஐயுற்ற அம்மையார், குறைந்த வெப்பத்திற் கொதிக்கும் ஈதரைக் கொண்டு சாரத்தைப் பிரித்தார். 1971 ஒக்டோபரில் அது எலிகளிடத்து முழுப்பயன் தந்தது. மறு ஆண்டு, நோயாளிகளுக்குக் கொடுக்குமுன் தாமே அதனை உட்கொண்டு பார்த்தார். 2015இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

சீன வைத்தியத்தின் அடிப்படைகள் நமக்கு அந்நியமானவையல்ல. யின், யாங் என்னும் இரு ஆற்றல்களின் சமநிலையே உடல்நலம். தண்மையும் இருளும் யின், வெம்மையும் ஒளியும் யாங். மரம், தீ, மண், உலோகம், நீர் என ஐந்து பூதங்கள். உடலெங்கும் உயிர்விசை ஓடும் நாளங்கள் பன்னிரண்டு. அவற்றின் தடத்திலுள்ள புள்ளிகளில் ஊசி குத்துதல், மாசிபத்திரி இனத்து இலையை எரித்துச் சூடு காட்டுதல், குவளை வைத்து உறிஞ்சுதல், உருவிப் பிடித்தல், மூலிகைக் கியாழம் ஆகியன சிகிச்சைகள். நம் சித்தரும் ஐம்பூதம் கூறினர். ஆயின் மரமும் உலோகமும் இருக்குமிடத்தில் நமக்குக் காற்றும் வெளியும். அவர்கள் இரண்டின் சமநிலையைப் பேச, நாம் வாதம், பித்தம், கபம் என மூன்றைப் பேசுகின்றோம். இருவரும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்தே நாடி பார்க்கின்றோம். போகர் சீனம் சென்றார் என்றும், சீனத்திலிருந்தே வந்தார் என்றும் வழங்கும் கதைகளை வரலாறாகக் கொள்ள நாம் துணியோம்.

இவையனைத்தும் ஆய்வில் நின்றுவிட்டன என்று கருதுதல் தவறு. உயிர்விசை ஓடும் நாளங்களை உடற்கூற்றியலார் எவரும் கண்டிலர். ஊசி வைத்தியம் சிலவகை வலிக்கும், சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் குமட்டலுக்கும் ஓரளவு உதவுமென்பதற்குச் சான்றுண்டு. எல்லா நோய்க்கும் என்பதற்கில்லை. சீனர் செய்த நன்மை பிறிதொன்று. 1929இல் தம் வைத்தியத்தை ஒழித்துவிட முனைந்த ஓர் அரசாங்கத்தையும் கண்டவர் அவர். வைத்தியர் திரண்டு எதிர்த்து அதனைக் காத்தனர். பின்னர் 1956இல் நான்கு நகரங்களில் அதற்குக் கல்லூரிகள் எழுந்தன. ஏடும் ஆய்வுகூடமும் ஒரே கூரையின் கீழ் வந்தமையாலன்றோ து யூயூ தோன்றினார்?

நம் நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தை ஏற்றுக்கொண்டது. 1984இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்த மருத்துவப் பிரிவு தொடங்கிற்று. ஆனால் ஏடுகள்? 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்துடன் எரிந்த ஓலைச்சுவடிகள் ஒருபுறம். 2008இலும் 2009இலும் கிளிநொச்சியிலிருந்து கிழக்கு நோக்கி ஓடிய ஓட்டத்தில், பரம்பரை வைத்தியர் வீடுகளில் பரணிற் கிடந்தவை எத்தனை போயினவோ! குழந்தையைத் தூக்கிய கை ஏட்டுக்கட்டையும் தூக்குமா?

இதனைக் கேட்டு, பழையன யாவும் பொன்னென்று கொண்டாட நாம் முற்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாயிற்று. சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாகப் பிறிதொன்று கலந்துவிட்டமையே காரணம். அவ்வாறு கலந்த மூலிகை எந்த இனம்? நம் விஷகடி வைத்தியர் பாம்புக்கடிக்குக் கொடுக்கும் ஈச்சுரமூலியின் இனம். அதே நச்சு அமிலம் இதிலும் உண்டு. காரணம் இன்னும் துணியப்படாத சிறுநீரக நோய் வவுனியா மாவட்டத்து வயற் கிராமங்களிலும் பரவியிருக்கும் இந்நாளில் இச்செய்தியைப் புறக்கணித்தல் ஆகாது. அந்நோய்க்கு இதுவே காரணமென நாம் சொல்லவில்லை. சோதிக்காமல் இதனை உண்ணலாகாது என்கின்றோம். புடையனோ நாகமோ தீண்டினால் முதலிற் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலையே. நஞ்சுமுறி மருந்து அங்கேதான் உண்டு. பார்வை பார்ப்பதிற் கழியும் ஒரு மணி நேரம் உயிரின் விலை. முறைகளைச் சேகரிப்பது ஆய்வுக்காக, அடுப்பிலேற்றுவதற்காக அன்று.

இனி நம் வேண்டுகோள். முள்ளியவளையிலும் ஒட்டுசுட்டானிலும் நெடுங்கேணியிலும் பூநகரியிலும் முதிய பரியாரியார் இன்னும் சிலர் இருக்கின்றனர். மூலிகையின் பெயரை எந்தப் புத்தகத்திலும் காணலாம். வேரா பட்டையா, எந்த மாதத்திற் பிடுங்குவது, ஊறவைப்பதா காய்ச்சுவதா, எத்தனை நாள், எவருக்குக் கொடுக்கலாகாது என்பன அவர்களின் வாயில் மட்டுமே உள. கோ ஹொங் 'பிழிக' என்று எழுதாதிருந்தால் து யூயூ என்செய்திருப்பார்?

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவர் விடுமுறையில் இருவர் இருவராகச் சென்று, பரியாரியாரின் சம்மதத்துடன் அவர் சொல்வதை அவர் சொற்களிலேயே எழுதட்டும். செடியின் கிளையொன்றை உலர்த்தி ஒட்டட்டும். வீட்டில் ஏடு எஞ்சியிருப்பின் ஒவ்வோர் ஓலையையும் படம் பிடிக்கட்டும். எழுதியவற்றின் படியொன்று அந்த வீட்டாரிடமும், ஒன்று கல்லூரி நூல்நிலையத்திலும், ஒன்று பல்கலைக்கழகத்துச் சித்த மருத்துவ ஆசிரியர்களிடமும் இருத்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கம் இதனை அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலிற் சேர்க்குமாயின், முதல் நூறு கொப்பிகளுக்கான செலவை ஏற்க நாம் சித்தமாயிருக்கின்றோம்.