பாரணை இலையும் கடுக்காய் மூட்டையும்

ஏகாதசி உபவாசம் இருந்து மறுநாள் துவாதசியில் பாரணை செய்யும் இல்லங்களில் நெல்லிக்காய், அகத்திக்கீரை, சுண்டைக்காய் ஆகிய மூன்றும் இலையில் தவறாது இடம்பெறும். ஒரு நாள் முழுவதும் ஓய்ந்திருந்த வயிற்றுக்கு முதலில் எதை அளிப்பது என்பதை நம் முன்னோர் அவ்வளவு திட்டமாக வகுத்து வைத்தனர். அம்மூன்றின் சிறப்புகளுள் ஒன்றை இன்றைய அறிவியல் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. அதே சொல்லை அச்சிட்ட மாத்திரைப் புட்டிகள் மருந்துக் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. ‘மூப்பு அணுகாது, புற்றுநோய் அண்டாது’ என்னும் விளம்பரங்களை நம்பி, ஓய்வூதியத்தில் ஒரு பங்கை அவற்றுக்கே செலவிடும் அன்பர்களை நான் அறிவேன். இலையில் இருப்பது போதுமா, புட்டியும் வேண்டுமா என்பதே அவர்களுடைய ஐயம். இவ்வாரம் அதனை ஆராய்வோம்.

உண்ட உணவைப் பிராணவாயுவின் துணையால் எரித்தே உடல் வலிமை பெறுகிறது. அப்போது இணையில்லாத எலெக்ட்ரானை உடைய சில துகள்களும் தோன்றுகின்றன. இவையே ‘ஃப்ரீ ராடிக்கல்’கள். தன் கணக்கில் விழுந்த துண்டை ஈடுகட்ட அடுத்தவன் கணக்கில் கைவைப்பவனைப் போல, இவை அருகிலுள்ள மூலக்கூறிலிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கின்றன. பறிகொடுத்தது மற்றொன்றிடம் பறிக்கும். இச்சங்கிலி நீள நீளக் கொழுப்பும் புரதமும் மரபணுவும் சேதமுறுகின்றன. புகையிலைப் புகை, மாசடைந்த காற்று, கடும் வெயில் ஆகியவை இத்துகள்களைப் பெருக்குகின்றன. தன் எலெக்ட்ரானை ஈந்தும் தான் நிலைகுலையாதிருந்து, சங்கிலியை அறுப்பதே ஆன்டி ஆக்ஸிடன்டின் பணி. இவற்றுள் சிலவற்றை உடலே ஆக்கிக்கொள்கிறது. வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின், பாலிஃபினால் ஆகியவற்றை உணவிலிருந்து பெற வேண்டும்.

இச்செயலைக் கண்ணெதிரே காட்டும் ஊர்கள் எங்கள் பகுதியில் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகியவை தோல் பதனிடும் தொழிலால் உலகறிந்தவை. வங்கிப் பணிக்காலத்தில், கடனுக்கு ஈடான சரக்கைச் சரிபார்க்க அங்குள்ள கிடங்குகளுக்குச் செல்வதுண்டு. இருப்புப் பட்டியலில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் மூட்டைக் கணக்கில் இருக்கும். இவற்றிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தோடு பிணைந்து, அதனை அழுகாமல் காக்கிறது. அந்த டானினும் பாலிஃபினால் இனத்தைச் சேர்ந்ததே. திரிபலாவில் நெல்லிக்காயோடும் தான்றிக்காயோடும் சேரும் கடுக்காயும் இதுவே. மயிலாடுதுறைக்கு அருகில் உள்ள திருக்குறுக்கை வீரட்டத்தில் கடுக்காய் மரமே தல விருட்சமாக விளங்குகிறது.

1970களில் அரசின் ஏற்றுமதிக் கொள்கை மாறியபின், பட்டைப் பதனிடுதல் குறைந்து குரோமியம் கொண்டு பதனிடும் முறை பரவியது. அதில் பயன்படும் மூன்றாம் நிலைக் குரோமியம் பெரிதும் தீங்கற்றது. ஆனால், தோலை மென்மையாக்க ஊட்டப்படும் எண்ணெய் வெப்பத்தாலும் ஒளியாலும் கெடும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பிறக்கின்றன. அவை அக்குரோமியத்தை ஆறாம் நிலைக்கு மாற்றக்கூடும். ஆறாம் நிலைக் குரோமியம் சருமத்தில் ஒவ்வாமையை உண்டாக்கும், புற்றுநோய்க்கும் காரணமாவது. எனவே ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே மாதம் முதல், உடலில் படும் தோல் பொருள்களில் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என அதற்கு எல்லை விதித்துள்ளது. எல்லை மீறிய சரக்கை அங்கு விற்க இயலாது. இதற்குத் தோல் தொழில் கண்ட தீர்வுகளுள் ஒன்று, தாவர டானினை மீண்டும் தோலில் ஏற்றுவது. குரோமியம் ஓரங்கட்டிய துவர்ப்புச் சரக்கு, குரோமியத்துக்கே காவலாகத் திரும்பி வந்திருக்கிறது.

தோலைக் காத்தது உடலையும் அப்படியே காக்கும் என்று முடிவு கட்டிவிடலாகாது. உயிருள்ள உடல் வேறு கணக்கில் இயங்குவது. நம் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்வதற்கே ஃப்ரீ ராடிக்கல்களைப் பயன்படுத்துகின்றன. ஆகவே, அவற்றை அடியோடு ஒழிப்பது நம் நோக்கமன்று. அளவு மீறாமல் காப்பதே தேவை.

புட்டியின் கதைக்கு வருவோம். பின்லாந்தில் 50 முதல் 69 வயது வரையுள்ள, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. சிலருக்குக் கேரட்டின் நிறப்பொருளான பீட்டா கரோட்டின் மாத்திரை நாள்தோறும் 20 மில்லிகிராம் அளவில் அளிக்கப்பட்டது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்பது எதிர்பார்ப்பு. 1994இல் வெளிவந்த முடிவோ, மாத்திரை உண்டவர்களிடம் அந்நோய் 18 விழுக்காடு மிகுந்ததைக் காட்டியது. அமெரிக்காவில் பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ-யும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு, தீங்கு தெரிந்ததும் 1996 ஜனவரியில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. காய்கனிகளை நிறைய உண்பவர்களிடம் இதய நோய் குறைவு என்பது பல நாட்டு ஆய்வுகள் கண்ட உண்மை. கேரட்டிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்துப் பெருமளவில் விழுங்கியபோது அப்பயன் கிட்டவில்லை. காயில் நார், உப்புச் சத்துகள், நூற்றுக்கணக்கான பிற பொருள்கள் யாவும் ஓர் அளவோடு கூடியிருக்கின்றன.

ஆகவே நம் நாட்டம் இலையின் பக்கமே இருக்கட்டும். நாளொன்றுக்குக் காயும் கனியுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விலையுயர்ந்த அயல்நாட்டுப் பழங்களைத் தேட வேண்டியதில்லை. நெல்லிக்காயில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ளது. வெப்பத்தில் அது குறையும் என்பதால், தயிரில் அரைத்துக் கலந்த பச்சடியாக உண்பது நலம். பல் வலுவிழந்தோருக்கும் ஏற்றது. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற எங்கள் வேலூர் முள்ளுக் கத்தரிக்காயின் தோலில் உள்ள ஊதா நிறமும் ஆன்டி ஆக்ஸிடன்டே. அதைச் சீவி எறிய வேண்டாம். முருங்கைக்கீரை, பப்பாளி, தக்காளி ஆகியவற்றின் கரோட்டின் இனச் சத்துகள் உடலில் சேரச் சிறிது எண்ணெய் தேவை. கறிவேப்பிலையை ஒதுக்காமல் மென்று உண்ணுங்கள். ஊறுகாய்க்கு நல்லெண்ணெயை நம் பாட்டிமார் தேர்ந்ததற்கும் பொருள் உண்டு. எளிதில் சிக்கு வாடை பிடிக்காமல் காக்கும் பொருள்கள் எள்ளிலேயே அமைந்திருக்கின்றன. எந்த எண்ணெயானாலும், வடை சுட்டு மிஞ்சியதை மீண்டும் மீண்டும் காய்ச்சினால் கேடு பெருகும்.

முதியோர் சில எச்சரிக்கைகளை மனத்தில் இருத்த வேண்டும். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோர், கீரையின் அளவைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அம்மருந்தின் வேலையை மாற்றிவிடும். சிறுநீரகக் குறைபாடு உள்ளோர் பொட்டாசியம் கருதி, எந்தக் காய்கனி எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நீரிழிவு உள்ளோர்க்குத் தேன் நெல்லியும், இரத்த அழுத்தம் உள்ளோர்க்கு நெல்லி ஊறுகாயும் ஏற்றவையல்ல. தேநீரின் டானின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுப்பதால், உணவோடு தேநீர் அருந்த வேண்டாம். அகத்திக்கீரை மருந்தை முறிக்கும் என்பது சித்த மருத்துவர் வழக்கு. பதினைந்து நாளுக்கொரு முறை அதை வைத்த துவாதசி முறை, அளவையும் சேர்த்தே கற்பிக்கிறது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுப் பொடியையோ புட்டியையோ நாடுவது எவ்வகையிலும் தகாது. ஏற்கெனவே புட்டி வாங்கி உண்போர், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது மறைக்காமல் அதையும் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

கார்த்திகையில் நெல்லி மரத்தடியில் வனபோஜனம் செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஆதிசங்கரருக்கு ஏழைப் பெண்ணொருத்தி இட்ட பிட்சையும் நெல்லிக்கனியே என்பர். வறியவர் வீட்டிலும் இருந்த அக்கனி இன்றும் நம் கைக்கு எட்டும் விலையில் சந்தையில் கிடைக்கிறது. வரும் துவாதசியன்று நெல்லிக்காய்ப் பச்சடியை இலையில் இடுங்கள். பேரன் பேத்தியரையும் அருகில் அமர்த்தி உண்ணச் செய்யுங்கள். உடல் நலமும் இறையருளும் அனைவருக்கும் கூடுவதாக.