தானமும் ஷரத்தும்

பாடுபட்டு எழுதிய ஒன்றை ஊருக்கெல்லாம் தானமாகக் கொடுத்துவிட்டவர், அதை எடுத்துப் போனவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே என்று பிறகு குறைப்பட இடமுண்டா? 2017 நவம்பரில் ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், இன்டெல் கம்பெனிக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியபோது இந்தக் கேள்வி எழுந்தது.

கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருளின் அமைப்பை மாணவர்களுக்கு விளக்குவதற்காக 1987-ல் மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதியவர் அவர். 2000-ம் ஆண்டில் அதை பி.எஸ்.டி. லைசென்ஸின் கீழ் விட்டார். கலிபோர்னியாவில் பெர்க்லி சர்வகலாசாலையில் பிறந்த இந்த லைசென்ஸ் மிகவும் தாராளமானது. எடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். காப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் மட்டும் நீக்கக்கூடாது. திருத்தியதைப் பிறருக்குக் காட்டவேண்டுமென்ற கட்டாயமில்லை.

இன்டெல் இஞ்சினியர்கள் அவரை அணுகிச் சந்தேகங்கள் கேட்டார்கள். நினைவகத்தில் குறைந்த இடம் பிடிக்கும்படி சில மாற்றங்கள் வேண்டுமென்றார்கள். அவரும் சந்தோஷமாக உதவினார். பிறகு சில வருஷங்கள் பேச்சுமூச்சில்லை. கடைசியில் பத்திரிகைகளைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது: இன்டெல் சில்லுகளோடு ஒட்டியிருக்கும் 'மேனேஜ்மென்ட் எஞ்சின்' என்ற தனிக் கம்ப்யூட்டரை ஓட்டுவது மினிக்ஸ்! பெரிய கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்தாலும், மின்சாரம் இருக்கும்வரை இது விழித்திருக்கும். இதன் நிரலைப் படிக்க, பணம் கொடுத்து வாங்கியவருக்கு வழியில்லை. அதே நவம்பரில் இதில் பாதுகாப்புக் குறைகள் இருப்பதை இன்டெல்லே ஒப்புக்கொண்டது.

பேராசிரியர் பணம் கேட்கவில்லை. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்றார். லைசென்ஸின்படி அதுவும் அவசியமில்லை என்று தாமே சேர்த்துக்கொண்டார். வேவு பார்க்கும் எந்திரம் செய்கிறார்கள் என்ற சந்தேகம் வந்திருந்தால் ஒத்துழைத்திருக்கவே மாட்டேன் என்று பின்குறிப்பும் எழுதினார். அப்படியும், அதிகபட்ச சுதந்திரம் தருவது பி.எஸ்.டி. லைசென்ஸே என்பதுதான் அவர் அபிப்பிராயம். இங்கேதான் அவரோடு உடன்படுவது கஷ்டம். சுதந்திரம் யாருக்கு? சில்லைச் செய்தவருக்கு. அதை விலைக்கு வாங்கி மேஜைமேல் வைத்திருப்பவருக்கு அதில் ஒரு துளியும் வந்து சேரவில்லை.

மினிக்ஸை வைத்துப் பழகிய ஹெல்சிங்கி மாணவர் ஒருவர் வேறு வழியில் போனார். 1991-ல் லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், இதற்கு யாரும் பணம் வாங்கக்கூடாது என்றுதான் முதலில் ஷரத்து வைத்தார். பிளாப்பி வட்டில் பிரதி எடுத்துக் கொடுப்பவர் வட்டின் விலையையாவது வாங்கவேண்டாமா? 1992-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். லைசென்ஸுக்கு அவர் மாறினார். இதன்படி தாராளமாகப் பணம் வாங்கலாம். ஆனால் திருத்திப் பிறருக்குக் கொடுப்பவர், மூலநிரலையும் அதே ஷரத்தோடு கொடுத்தாக வேண்டும்.

பலன் 2003-ல் தெரிந்தது. லிங்க்ஸிஸ் கம்பெனியின் வீட்டு ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்து மூலநிரலைக் கேட்டார்கள். யாசகமாக அல்ல, பாத்தியதையாக. கம்பெனி வெளியிட்டது. அதிலிருந்து கிளைத்த ஓப்பன்-டபிள்யு.ஆர்.டி., கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ ரௌட்டர்களுக்கு இன்றும் உயிர் கொடுத்து வருகிறது.

ஜி.பி.எல். இருந்துவிட்டால் எல்லாம் சரி என்பதும் வாஸ்தவமல்ல. மினிக்ஸ் அந்த லைசென்ஸில் இருந்திருந்தால் இன்டெல் வேறு கடைக்குப் போயிருக்கக்கூடும். டிவோ என்ற அமெரிக்கக் கம்பெனி, டெலிவிஷன் பதிவுப் பெட்டியில் லினக்ஸை வைத்து மூலநிரலையும் ஒழுங்காக வெளியிட்டது. ஆனால் திருத்திய நிரல் அந்தப் பெட்டியில் ஓடாதபடி பூட்டும் போட்டது! இந்தப் பூட்டைத் தடுக்கும் மூன்றாம் பதிப்பை ஸ்டால்மன் 2007-ல் கொண்டுவந்தார். டோர்வால்ட்ஸ் ஒப்பவில்லை, லினக்ஸ் இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

நிரல் எழுதி வெளியிடும் இளைஞர்கள், லைசென்ஸைக் கடைசி நிமிஷத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் வழக்கத்தை விடவேண்டும். பிற்பாடு சேர்க்கும் ஷரத்து, முன்பே எடுத்துப் போனவரைக் கட்டாது. டோர்வால்ட்ஸ் 1992-ல் மனம் மாறியபோது, உடன் எழுதிய சிலரைக் கேட்டால் போதுமாயிருந்தது. இன்று லினக்ஸில் ஆயிரக்கணக்கானவர்களின் எழுத்து கலந்திருக்கிறது. ஒவ்வொருவர் பகுதிக்கும் உரிமை அவரவருடையது. லைசென்ஸை மாற்றவேண்டுமானால் அத்தனை பேரையும், அவர்களில் இறந்துபோனவர்களின் வாரிசுகளையும் தேடிப்பிடித்துச் சம்மதம் வாங்கவேண்டும்.