இல்லமும் நலமும்: அன்னையின் விடையை அன்னையே கூறட்டும்

உத்தியோகத்தை முன்னிட்டு ஊர்விட்டு வந்த நம்மவரில் பலர், தந்தையார் காலமான பின் அன்னையைத் தனியே விட மனமின்றி உடன் அழைத்து வருகின்றனர். நாமும் அவ்வாறே செய்தோம். நாகபுரி ரெயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்னையார் சில மாதங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். பூத்தொடுப்பதையும் விட்டுவிட்டார். "முழங்கால் வலி, பசியில்லை" என்பார். வயதானால் இப்படித்தான் என்று நாமும் வாளாவிருந்தோம்.

பிறகு டாக்டர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஒரு வினாத்தாளை எடுத்தார். முதியோர் மனச்சோர்வு அளவுகோல் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் எசவேஜ் என்ற மனநல மருத்துவரும் அவர்தம் தோழர்களும் 1982-83இல் 30 வினாக்களோடு அமைத்தது. 1986இல் 15 வினாக்களாகச் சுருங்கியது. 'ஆம்', 'இல்லை' என்பதே விடை. வாழ்வில் நிறைவு உண்டா, பொழுது சலிப்பாய்க் கழிகிறதா என்பன போன்று உள்ளத்தையே அது வினவுகிறது. உறக்கக் குறைவையும் உடல் வலியையும் கேட்பதில்லை. அவை மூப்பினாலும் பிற நோயினாலும் வரக்கூடியவை. அவற்றைக் கொண்டு மனச்சோர்வை அளந்தால் கணக்குத் தவறும்.

டாக்டர் இந்தியில் வினவினார். அதைத் தமிழில் சொல்லவேண்டிய நாம், அன்னையாரைக் கேளாமலே விடை பகர்ந்தோம். "சலிப்பா? பேரக்குழந்தைகள் இருக்கிறார்களே!" மதிப்பெண் 2. எல்லாம் நலம் என்று வீடு திரும்பினோம்.

அன்னையாரோ மேலும் மெலிந்தார். தமிழறிந்த வேறொரு டாக்டர், நம்மை வெளியே இருக்கச் செய்து, அதே 15 வினாக்களை அவரிடம் தமிழில் கேட்டார். மதிப்பெண் 11. ஐந்தைத் தாண்டினாலே மேலும் ஆராய வேண்டும் என்பது முறை. பிழை அளவுகோலில் இல்லை; நம் நாவில் இருந்தது.

மதிப்பெண் மட்டும் தீர்ப்பாகிவிடாது. மொழி தெரியாத ஊரில், வெளியே போவதினும் வீட்டிலிருப்பதே மேல் என்று எந்த முதியவரும் சொல்லக்கூடும். ஆதலின் டாக்டர் நெடுநேரம் உரையாடினார். தைராய்டுச் சோதனை செய்வித்தார். உட்கொள்ளும் மருந்துகளையும் பார்வையிட்டார். சிகிச்சை தொடர்கிறது. சென்ற வாரம் அன்னையார் தாமே மல்லிகை வாங்கிவரச் சொன்னார்.

அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரின் விடையை நாம் கூறலாகாது. தமிழறிந்த டாக்டர் கிட்டாவிடில், அவர்கள் சொல்லைச் சொன்னபடியே பெயர்த்துரைப்போம். இந்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். "இனி இருந்து என்ன பயன்?" என்ற சொல் காதில் விழுமாயின், நாளை என்று ஒத்திப்போட வேண்டா.