கூனன் சிலுவையும் ஆதித் திருச்சபையும்: அகிம்சையை எங்கே அளப்பது?

பாலக்காடு மாவட்டத்தில் மங்கலம் அணை உள்ளிட்ட மூன்று இடங்களிலுள்ள தேவாலயங்களின் நிர்வாக உரிமை குறித்த வழக்கு, 2024இல் கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஒருபுறம் ஆர்த்தடாக்ஸ் சபை; மறுபுறம் யாக்கோபாய சபை. மலங்கரைத் திருச்சபையின் ஆலயங்கள் 1934ஆம் ஆண்டின் சட்டத்திட்டப்படியே நிர்வகிக்கப்பட வேண்டும் என்று 2017 ஜூலை 3 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பே இவ்வழக்குகளின் அடிப்படை. இரு சபையினரும் தம் மரபின் வேரை 1653இன் கூனன் சிலுவைச் சத்தியத்தில் காண்பவர்கள். முதல் நூற்றாண்டின் திருத்தூதர் தோமாவைத் தம் விசுவாசத்தின் தந்தையாகக் கொள்பவர்கள். ஆதித் திருச்சபை ஓர் அகிம்சை இயக்கமா என்னும் பழைய வினாவை இந்த மரபின் வழியே அணுகுவது பயனுடையது.

ரோமப் பேரரசின்கீழ் வாழ்ந்த முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் வாளெடுத்துக் கலகம் செய்யவில்லை என்பது உண்மை. கிறிஸ்தவன் போர்வீரனாகலாகாது என்று தெர்த்தூலியனும் ஒரிகனும் எழுதினர். ஆயினும் அதே தெர்த்தூலியன், ஏறத்தாழ 197இல் இயற்றிய தம் தற்காப்புரையில், படைமுகாம்களிலும் கிறிஸ்தவர்கள் நிறைந்திருப்பதைப் பெருமையுடன் குறிப்பிடுகிறார். 295இல் வட ஆப்பிரிக்காவில் படையில் சேர மறுத்து இரத்தசாட்சியாக மரித்த மாக்சிமிலியனிடம், பேரரசர்களின் மெய்க்காவல் படையிலேயே கிறிஸ்தவர் பணிபுரிகின்றனரே என்று ஆளுநர் வாதிட்டதாக அவருடைய விசாரணைக் குறிப்பு கூறுகிறது. போதனை ஒன்றாகவும் நடைமுறை பலவாகவும் இருந்தன. ஒரே கொள்கையும் ஒரே ஒழுங்கும் கொண்ட 'இயக்கம்' என்ற சொல் அக்காலத்திற்குப் பொருந்தாது.

அரசதிகாரம் கைக்கு அருகில் வந்தபோது நிகழ்ந்தது இன்னும் முக்கியமானது. 314இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், அமைதிக் காலத்தில் ஆயுதத்தைக் கைவிடுவோரை நற்கருணையிலிருந்து விலக்கியது. 388இல் கல்லினிக்கம் நகரின் யூதத் தொழுகைக்கூடத்தைக் கிறிஸ்தவக் கும்பல் எரித்தது. அதை ஆயரின் செலவில் மீளக் கட்டவேண்டும் என்ற பேரரசர் தெயொதோசியுவின் ஆணையை, மிலான் ஆயர் அம்புரோஸ் திரும்பப் பெறச் செய்தார். வலுவற்றிருந்தபோது காத்த பொறுமை வலுப்பெற்றபின் நிலைக்கவில்லை. ஆகவே, அந்தப் பொறுமையில் கொள்கை எவ்வளவு, இயலாமை எவ்வளவு என்று முதல் மூன்று நூற்றாண்டுகளின் சான்றுகளை மட்டும் கொண்டு பிரித்தறிவது கடினம்.

இங்கேதான் கூனன் சிலுவை ஒரு மாற்றுச் சான்றாகிறது. மலபாரின் தோமா கிறிஸ்தவர்கள் ஆயுதமற்றவர்கள் அல்லர். களரிப் பயிற்சி பெற்று உள்ளூர் மன்னர்களின் படைகளில் போரிட்டவர்கள் அவர்கள். 1599இன் உதயம்பேரூர் சங்கம் அவர்களுடைய வழிபாட்டையும் வழக்கங்களையும் போர்த்துக்கீசியத் திருச்சபையின் ஆணைக்கு உட்படுத்தியது. 1652இல் கீழைநாட்டு ஆயர் அகத்தல்லா மயிலாப்பூரில் தடுத்து வைக்கப்பட்டார். அவரை ஏற்றிய கப்பல் கொச்சிக்கு வந்தபோதும் மக்கள் அவரைக் காண அனுமதிக்கப்படவில்லை. அவர் கடலில் மூழ்கடிக்கப்பட்டார் என்ற செய்தி பரவியது. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்டவர்கள் கோட்டையைத் தாக்கவில்லை. சிலுவையில் கட்டிய கயிற்றைப் பற்றி, இயேசு சபையாருக்கு இனிக் கீழ்ப்படிவதில்லை என்று சத்தியம் செய்தனர். அவ்வாண்டு மே 22 அன்று ஆலங்காட்டில் பன்னிரு குருக்கள் தலைமீது கைவைத்து, அர்க்கதியாக்கோன் எனப்பட்ட தலைமைத் திருத்தொண்டர் தோமாவைத் தம் ஆயராக்கினர்.

இதைக் காந்தியத்தின் முன்னோடி என்று கொண்டாடுவது அவசரம். போர்த்துக்கீசியக் கோட்டையின் வலிமையும் அவர்களோடு கொச்சி அரசர் கொண்டிருந்த உறவும் கணக்கில் கொள்ளப்பட்டிருக்கலாம். சத்தியம் செய்தவர்கள் படைத்தொழிலைத் துறக்கவும் இல்லை. எனினும், ஆயுதம் ஏந்தத் தெரிந்த ஒரு சமூகம் கீழ்ப்படிதலை விலக்கிக்கொள்வதையே தன் எதிர்ப்பாகத் தேர்ந்தது. அகிம்சை இங்கே கோட்பாடாக இல்லை. ஒரு தெரிவாக இருந்தது. ஆதித் திருச்சபையிலோ, கோட்பாடு தெளிவாக இருந்தும் தெரிவுக்கான வாய்ப்பு குறைவாகவே இருந்தது. இவ்விரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது ஆய்வுக்கு உதவாது.

நீதிமன்ற ஆணையை நிறைவேற்றக் காவல்துறை வருவதை ரோமத் துன்புறுத்தலுக்கு ஒப்பிடுவது தவறு. சட்டத்தின் ஆட்சி வேறு, பேரரசின் கொடுமை வேறு. ஆனால் ஆலய வாயிலைப் பூட்டி மறிப்பதும், காவலர் துணையோடு அதைத் திறப்பதும் ஒரே சத்தியத்தின் வாரிசுகளிடையே நிகழ்கின்றன. இருதரப்பும் ஆதித் திருச்சபையின் பொறுமையை முன்மாதிரியாகச் சொல்லக்கூடும். அது சான்றாகாது. ஆதித் திருச்சபை யாரை அடிக்கவில்லை என்பதைவிட, அடிக்கும் ஆற்றல் வந்தபோது யாரை விட்டுவைத்தது என்பதே ஆய்வாளர் கேட்க வேண்டிய வினா. மங்கலம் அணையின் இருதரப்பாரிடமும் கேட்க வேண்டியது அதுவே.