அந்த வாலின் நீளத்தை யார் அளந்தார்கள்?

சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்தின் உறுப்பினர் செயலர் அவர்களுக்கு,

பொறியியல் கல்லூரி ஒன்றில் போக்குவரத்துப் பொறியியல் நடத்துகிறவள் நான். சில மாதங்களுக்கு முன் ஒரு மேம்பாலத் திட்டத்தின் விளக்கக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். திரையில் சிமுலேஷன் ஓடியது. கோடு பிசகாமல் கார்கள் வந்தன, சிக்னலில் நின்றன, பச்சை விழுந்ததும் கிளம்பின. பாலம் வந்தால் காத்திருக்கும் நேரம் எவ்வளவு குறையும் என்று நொடிக்கணக்கில் சொன்னார்கள். "இன்றைய நிலைமையை இந்தச் சிமுலேஷன் மாதிரி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதித்தீர்கள்?" என்று கேட்டேன். "வண்டி எண்ணிக்கை ஒத்துப்போகிறது" என்றார்கள். சிக்னலில் நிற்கும் வண்டி வரிசையின், அதாவது வாலின், நீளம்? அளக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள்.

எண்ணிக்கை ஒத்துப்போவது எவ்வளவு சுலபம் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். 1970-களில் லண்டனில் ஜெஃப்ரி இ. ஹேவர்ஸ் என்ற போக்குவரத்துத் திட்டமிடுநர் ஒரு சூத்திரம் தந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு அதை ஜி.இ.எச். என்பார்கள். மாதிரி காட்டும் எண்ணிக்கைக்கும் சாலையில் எண்ணியதற்கும் உள்ள வித்தியாசத்தை அது ஒரே எண்ணாக்கித் தரும். அந்த எண் 85 சதவீத இடங்களில் 5-க்குக் கீழே இருந்தால் போதும் என்பது பிரிட்டிஷ் வழிகாட்டுதல். நாமும் அதைத்தான் எடுத்தாள்கிறோம். சரி, மணிக்கு 1,000 வண்டி போகும் இடத்தில் மாதிரி 850 காட்டினால்? கணக்குப் போட்டால் 4.93 வரும். தேறிவிடும். ஆனால் ஒரு சந்திப்பு தாங்குவதைவிட 150 வண்டி கூடுதலாக வந்தால், அந்த ஒரு மணி நேரம் முடியும்போது 150 வண்டி வாலில் நிற்கும். மாதிரியைத் தேறவைத்த அதே வித்தியாசம், தெருவில் முழு நெரிசலாக நிற்கிறது.

இன்னொன்றும் உண்டு. மணிக்கு 800 வண்டி என்பது காலை ஆறு மணிக்குத் தடையில்லாமல் ஓடும் சாலையாகவும் இருக்கலாம்; ஒன்பதரை மணிக்கு அங்குலம் அங்குலமாக நகரும் சாலையாகவும் இருக்கலாம். ஒரே ஓட்டம் இரண்டு வேறு வேகங்களில் வரும் என்பது அமெரிக்காவில் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸ் 1935-இல் வரைந்த வளைகோட்டிலேயே இருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவருக்கு இந்த இரண்டு சாலைகளும் ஒன்றுதான். வாலின் நீளத்தையும் பயண நேரத்தையும் அளந்தால்தான் வித்தியாசம் தெரியும். பிரிட்டிஷ் வழிகாட்டுதலே பயண நேரம் 15 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும் என்கிறது. நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டோம்.

நம் ஊர்ச் சாலைக்கு வருகிறேன். அதிகம் புழங்கும் விஸ்ஸிம் என்ற சிமுலேஷன் மென்பொருளின் அடித்தளம், ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் வீடெமன் 1974-இல் வகுத்த மாதிரி. நின்ற நிலையில் முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் சராசரி 2 மீட்டர் இடைவெளி என்பது அதில் முதலிலேயே இருக்கும் எண். அது இங்கே பொருந்துமா என்று, என் மாணவர்களை அழைத்துக்கொண்டு வேளச்சேரிப் பக்கம் ஒரு சந்திப்பில் நின்று பார்த்தேன். சிவப்பு விழுந்ததும் கார்களுக்கு நடுவே இருந்த சந்துகளில் பைக்குகள் புகுந்து முன்னால் வந்தன. நாற்பது நொடிக்குள் நிறுத்தக் கோட்டைத் தாண்டி ஒரு கூட்டமே நின்றது. பச்சை விழுவதற்கு முன்பே அந்தக் கூட்டம் கிளம்பிவிட்டது. பேருந்து நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் நின்றதால் மாநகரப் பேருந்து நடுச்சாலையிலேயே நின்று ஆள் ஏற்றியது; அதன் பின்னால் ஒரு தடம் முழுக்கச் செத்துப்போனது. இந்த இரண்டும் மாதிரியில் வராவிட்டால் அது சென்னைச் சாலை இல்லை.

இதற்கு வழியில்லாமல் இல்லை. சாலையைத் தடம் தடமாகப் பிரிக்காமல் முழு அகலத்தையும் ஒரே பரப்பாகக் கொண்டு, கலப்புப் போக்குவரத்துக்கென்றே ஹெட்டிரோசிம் என்ற மாதிரியை உருவாக்கினார் பேராசிரியர் தமிழரசன், அதுவும் சென்னை ஐ.ஐ.டி.யிலேயே. விஸ்ஸிமிலும் மாற்றக்கூடிய எண்களை நம் களத்துக்கேற்ப மாற்றலாம். மாற்றிய பிறகு சோதிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அவருக்கே போட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்கே பொருந்தும் என்று எந்தத் தையல்காரரும் சொல்ல மாட்டார். திங்கட்கிழமைத் தரவை வைத்து எண்களைத் திருத்தினால், வேறொரு நாள் எடுத்த தரவை, திருத்தும்போது கண்ணில் காட்டாத தரவை, வைத்துத்தான் சரிபார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை ஓட்டிய முடிவையும் ஏற்கக் கூடாது. ஒவ்வொரு ஓட்டத்திலும் வண்டிகள் வந்துசேரும் நேரம் மாறும் என்பதால் பல முறை ஓட்டிச் சராசரியையும் ஏற்ற இறக்கத்தையும் காட்டச் சொல்ல வேண்டும்.

கணிப்பு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரம் சாட்சி. அங்கே 2010 மார்ச்சில் ஒரு கட்டணச் சுரங்கச்சாலையைத் திறந்தார்கள். கணித்த அளவுக்கு வண்டிகள் வரவில்லை. ஓராண்டு முடிவதற்குள் சுரங்கத்தை நடத்திய நிறுவனம் நொடித்தது. கணிப்புத் தந்தவர்கள் 2015-இல் 28 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். அது பயணத் தேவைக் கணிப்பு, சந்திப்பு மாதிரி இல்லை; வேறுபாடு எனக்குத் தெரியும். அங்கே பணம் போட்டவர்கள் நீதிமன்றத்துக்குப் போக முடிந்தது. இங்கே பாலத்துக்குப் பணம் போடுவது வரி கட்டுகிறவர்கள். தூண் எழுந்த பிறகு அவர்கள் யாரிடம் போவார்கள்?

பெருநகரத்தின் போக்குவரத்துத் திட்டங்களை ஒருங்கிணைக்கத்தான் 2010-இல் சட்டம் இயற்றி உங்கள் குழுமத்தை உருவாக்கினார்கள். சரிபார்ப்பு அறிக்கை இல்லாத சிமுலேஷனை ஏற்க மாட்டோம் என்று நீங்கள் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அறிக்கையில் வாலின் நீளமும் பயண நேரமும் இருக்கட்டும். மாதிரிக் கோப்பையும் களத் தரவையும் பொதுவில் வையுங்கள். கல்லூரிகள் திரும்ப ஓட்டிப் பார்க்கட்டும். பாலம் திறந்து ஓராண்டு ஆனதும் அதே சந்திப்பில் மறுபடி அளந்து, சொன்னதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வெளியிடுங்கள்.

அளக்க ஆள் இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எந்தச் சந்திப்பு, எந்த நாள் என்று சொல்லுங்கள். காலை எட்டு மணிக்கு எண்ணிக்கைத் தாளோடு என் மாணவர்கள் அங்கே நிற்பார்கள்.

இப்படிக்கு,
போக்குவரத்துப் பொறியியல் ஆசிரியை ஒருவர்
சென்னை